மூன்று வருடம், நான்கு முறை ‘அ’: இது பொறுமையா, பிடிவாதமா?

அரைநிலா

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் கணக்கு எழுதும் வேலை. இரவில் வீட்டு வேலை ஓய்ந்ததும் ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை, ஒரு தமிழ் எழுத்துரு வரைந்துகொண்டிருக்கிறேன். நீளமாகப் படித்தாலும் கண் களைக்காத, புத்தகத்தின் உள்பக்கத்துக்கான எழுத்து ஒன்று செய்ய வேண்டும் என்பது ஆசை. தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது.

247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டாம், அத்தனையும் வரையத் தேவையில்லை. ‘கா’வுக்கு ‘க’வும் துணைக்காலும் இருந்தால் போதும், கணினியே சேர்த்துக்கொள்ளும். ஆனால் உகர, ஊகார வரிசை அப்படி விடாது. கு, சு, து, மூ, றூ என்று ஒவ்வொன்றும் தனி உருவம். 18 மெய்க்கு 36. அதற்கு மேல் டி, டீ, கிரந்தம், எண்கள், நிறுத்தக்குறிகள். அப்புறம் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி சரிசெய்வது. அது தனிக்காடு.

சிக்கல் இதுதான். எட்டு ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பழைய எழுத்துகளைத் திறந்து பார்ப்பேன். வெட்கமாக இருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி ‘அ’விலிருந்து தொடங்குவேன். இப்போது நடப்பது நான்காவது ‘அ’. ஒருமுறைகூட உகர வரிசையை முடித்ததில்லை. என்னோடு தொடங்கிய ஒருவர் இதற்குள் இரண்டு எழுத்துரு வெளியிட்டுவிட்டார்.

பொறுமையாக இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பொறுமையாகத்தானே இருக்கிறேன்? இதற்குப் பெயர் பொறுமையா, வெறும் பிடிவாதமா என்பதுதான் தெரியவில்லை.

மெதுநடை

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். விடாதீர்கள் நண்பரே!

சந்தேகப்பேர்வழி

// அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் //

ஒரே இடத்தில் அடித்தால் நகரும். அவர் ஒவ்வொரு முறையும் வேறு அம்மியை அடித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பழமொழிகளோடு எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. விடாமல் உழைத்து ஜெயித்தவர் மேடையேறி விடாமுயற்சி பற்றிப் பேசுவார். அதே அளவு உழைத்துத் தோற்றவருக்கு யாரும் மேடை போடுவதில்லை. அதனால் நம் காதில் விழுவதெல்லாம் ஒரு பக்கத்துக் கதைதான். பொறுமையாக இருந்தால் கிடைக்கும் என்று சொல்வதற்கு முன்னால், பொறுமையாக இருந்தும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டாமா?

அரைநிலா, ஒரே ஒரு கேள்வி. முதல் ‘அ’வும் நான்காவது ‘அ’வும் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கின்றன? வித்தியாசம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். இருக்கிறது என்றால் பேச்சே வேறு.

தந்திக்கம்பி

தம்பி, நான் தட்டச்சுப் பயிலகத்தில் பல வருடம் சொல்லிக்கொடுத்தவன். நீங்கள் சொல்வது கை படும் பாடு என்பதால் எழுதுகிறேன்.

வந்து சேரும் பிள்ளைகள் முதல் சில வாரம் பறப்பார்கள். தினமும் வேகம் கூடும், முகத்தில் சிரிப்பு இருக்கும். திடீரென்று ஒரு நாள் நின்றுவிடும். வாரக்கணக்கில் அதே வேகம், அதே பிழை. பாதிப் பேர் அங்கேதான் வருவதை நிறுத்துவார்கள். நின்றவர்களை அதட்டியும் பார்த்திருக்கிறேன், கெஞ்சியும் பார்த்திருக்கிறேன், இரண்டாலும் பயனில்லை. தாண்டியவர்களைப் பார்த்தால், எழுத்து எழுத்தாக அடித்துக்கொண்டிருந்த விரல் ஒரு நாள் சொல் சொல்லாக அடிக்கத் தொடங்கியிருக்கும். அது நடக்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாது.

இதை 1897-இலேயே பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தந்தி கற்பவர்களை வைத்து அளந்திருக்கிறார்கள். தந்தி அனுப்பும் வேகம் ஏறிக்கொண்டே போனது. வரும் தந்தியைக் காதால் கேட்டு வாங்கும் வேகம் மட்டும் நடுவில் பல வாரம் படுத்துவிட்டு அப்புறம் எழுந்தது. எழுத்தைக் கேட்பதிலிருந்து சொல்லைக் கேட்பதற்கும், அங்கிருந்து வாக்கியத்தைக் கேட்பதற்கும் மாறுகிற இடைவெளி அது என்று விளக்கம் சொன்னார்கள். என் பெயரைப் பார்த்தால் இந்த ஆராய்ச்சி எனக்கு ஏன் பிடித்தது என்று தெரிந்திருக்கும்.

நீங்கள் நிற்பதும் அப்படி ஒரு தேக்கமாக இருக்கலாம் தம்பி.

அரைநிலா

தம்பி இல்லை ஐயா, தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். :)

// முதல் ‘அ’வும் நான்காவது ‘அ’வும் //

இன்று வைத்துப் பார்த்தேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் ‘அ’வில் சுழி நசுங்கிய வட்டம், கோடு எங்கே தடிக்க வேண்டும் எங்கே மெலிய வேண்டும் என்றே தெரியாமல் வரைந்திருக்கிறேன். நான்காவது நிற்கத் தெரிந்த எழுத்து. அதனால்தான் மனம் ஒப்பவில்லை. ‘ற’ வரை வந்த பிறகு ‘அ’வைத் திரும்பிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆள் வரைந்த மாதிரி தெரிகிறது. ஒரே குடும்பமாக இல்லாத எழுத்துகளை எப்படி எழுத்துரு என்று சொல்வது?

சந்தேகப்பேர்வழி

அப்படியானால் விடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கை வளர்கிறது. ஆனால் தந்திக்கம்பி ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அந்தத் தேக்கம் எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. 1958-இல் கெல்லர் என்ற உளவியலாளர் அதை மாயச் சமவெளி என்றே எழுதினார். சில சமயம் தேக்கம் கற்கும் முறையில் இருக்கும். ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்பவன் சமவெளியில் நிற்கவில்லை, செக்கைச் சுற்றுகிறான்.

தந்திக்கம்பி

ஒப்புக்கொள்கிறேன். நின்ற பிள்ளைகளுக்குப் பாடத்தை மாற்றிக் கொடுத்தபோது சிலர் சட்டென்று நகர்ந்ததும் உண்டு. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நூல்கண்டு

அரைநிலா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இயலை 11 முறை திருத்தி எழுதினேன். மூன்றாவது இயல் எழுதும்போது நடை தேறியிருக்கும். உடனே முதல் இயல் குழந்தைத்தனமாகத் தெரியும். ஓடிப்போய் அதைத் திருத்துவேன். திருத்தி முடிப்பதற்குள் மூன்றாவது இயலில் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்திருக்கும். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. நெறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. (அவர் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை, அது வேறு கதை.)

பிறகுதான் புரிந்தது. கண் எப்போதும் கைக்கு ஓர் அடி முன்னால் போகும். கை எட்டிப் பிடிக்கும்போது கண் அடுத்த அடியை வைத்திருக்கும். அதனால் முழுத் திருப்தி வந்த பிறகு அடுத்ததற்குப் போவேன் என்று இருந்தால் அடுத்தது வரவே வராது. நாம் தேறிக்கொண்டிருப்பதுதான் நம்மைத் தடுக்கிறது, என்ன கொடுமை பாருங்கள்.

நான் செய்தது ஒன்றுதான். முடித்த இயலை வேறு கோப்புறையில் போட்டு, கடைசி இயல் முடியும் வரை திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். திருத்தத் தோன்றியதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். நோட்டில் எழுதிவிட்டாலே அரிப்பு பாதி அடங்கிவிடும். கடைசியில் அந்த நோட்டை எடுத்தபோது பாதிக்கு மேல் தேவையில்லாத திருத்தங்கள். மீதியை மூன்று வாரத்தில் செய்து முடித்தேன். முன்னால் இரண்டு வருடம் தின்ற வேலை அது.

எழுத்துருவுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ‘அ’ ஒரே குடும்பமாக இல்லை என்கிறீர்கள். குடும்பம் முழுசாக வந்து உட்கார்ந்தால்தானே யார் ஒட்டவில்லை என்று சொல்ல முடியும்? பத்துப் பேரை வைத்துக்கொண்டு முடிவு செய்கிறீர்கள்.

கடிகாரமுள்

நூல்கண்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய கோப்புகளை அழித்துவிட வேண்டாம்.

கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ் கதை பலருக்குத் தெரியும். நூற்றாண்டுகளாக யாரும் நிரூபிக்க முடியாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தோடு ஏழு வருடம் கிட்டத்தட்ட யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போராடி, 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். கைதட்டல், செய்தித்தாள் எல்லாம் ஆயிற்று. அப்புறம்தான் நிரூபணத்தில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. கதையைச் சொல்கிறவர்கள் அந்த ஏழு வருடத்தைத்தான் கொண்டாடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வந்த ஒரு வருடம்.

உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து அடைத்துப் பார்த்தார், அடைபடவில்லை. 1994 செப்டம்பரில் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். விடுவதற்கு முன்னால், இது ஏன் வேலை செய்யவில்லை என்பதையாவது தெரிந்துகொள்வோம் என்று கடைசியாக ஒருமுறை உட்கார்ந்தார். அப்போது, சில வருடம் முன்பு தானே தூக்கிப்போட்ட இன்னொரு வழி நினைவுக்கு வந்தது. தோற்ற இரண்டு வழிகளும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்தன. 1995-இல் நிரூபணம் அச்சில் வந்தது.

உங்கள் மூன்றாவது முயற்சியில் கிடக்கும் ஒரு வளைவு நான்காவதற்கு உதவாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

சந்தேகப்பேர்வழி

வைல்ஸ் வந்துவிட்டார், இனி காரிகோ வருவார், எடிசன் வருவார் என்று எதிர்பார்க்கிறேன்.

கேலி இல்லை. காரிகோ 1995-இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டும் எம்ஆர்என்ஏ ஆராய்ச்சியை (பின்னால் கொரோனா தடுப்பூசிக்கு வழி வகுத்தது) விடாமல் 2023-இல் நோபல் வாங்கியது உண்மைதான், பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கதையிலிருந்து “நீயும் விடாதே” என்ற பாடம் தானாக வராது. அவர் நடுவில் 2005-இல் சக ஆய்வாளர் வைஸ்மனோடு சேர்ந்து ஒரு முக்கியமான முடிவைக் கண்டிருந்தார். ஆர்என்ஏவில் ஓர் எழுத்தை மாற்றினால் உடல் அதை எதிரியாக நினைத்துக் கொந்தளிப்பதில்லை என்று. உலகம் கவனிக்கவில்லையே தவிர, அவர் கையில் சாட்சி இருந்தது. வெறும் நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை.

இதைத்தான் கேட்கிறேன். வெளியே பலன் வராத காலத்திலும் உள்ளே ஏதாவது நகர்கிறதா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அது இல்லாத பொறுமை சூதாட்டக்காரன் பொறுமை. இவ்வளவு போட்டாயிற்று, இனி எப்படி எழுந்து போவது என்று உட்கார்ந்திருப்பது. ஏற்கெனவே போட்ட காசு திரும்ப வராது என்று தெரிந்தும் அதற்காகவே மேலும் போடும் இந்தக் குணத்தை ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் 1985-இலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள்.

அரைநிலா, இன்றைக்கே, மனம் தெளிவாக இருக்கும்போதே, எது நடந்தால் நிறுத்துவேன் என்று எழுதி வையுங்கள். சோர்ந்த இரவில் முடிவெடுக்காதீர்கள்.

பச்சைத்தண்டு

நேரடியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இது சுயக்கட்டுப்பாடு இல்லாத பிரச்சினை. சின்ன வயதிலேயே காத்திருக்கத் தெரிந்த குழந்தைகள்தான் பின்னால் முன்னேறுகிறார்கள் என்று மார்ஷ்மெல்லோ (மெத்தென்ற ஒரு மிட்டாய்) சோதனையில் நிரூபித்துவிட்டார்களே. இப்போதே ஒன்று தின்னலாம், காத்திருந்தால் இரண்டு. உங்களால் காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நூல்கண்டு

// நிரூபித்துவிட்டார்களே //

அவ்வளவு சுலபமாக இல்லை. மிஷல் என்ற உளவியலாளர் செய்த அந்தச் சோதனையை இன்னும் பெரிய அளவில், பலதரப்பட்ட குடும்பத்துக் குழந்தைகளோடு ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது 2013-இல் வந்த ஒன்று. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் செய்தது. 28 குழந்தைகள். சோதனைக்கு முன்னால் பெரியவர் ஒருவர் வந்து “நல்ல வண்ணக்குச்சி கொண்டுவருகிறேன், காத்திரு” என்பார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து “இல்லை, மன்னித்துக்கொள்” என்றார். அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்.

ஏமாந்த குழந்தை காத்திருக்காதது சுயக்கட்டுப்பாடு இல்லாததாலா? அதற்குப் புத்தி இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

அரைநிலா

நூல்கண்டு, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று வெகுநேரம் தூங்கவில்லை. இதை இங்கே சொல்ல நினைத்திருக்கவில்லை.

முதல் வருடம் ஒரு பதிப்பகம் என் மாதிரி எழுத்துகளைப் பார்த்துவிட்டு, முடித்துக் கொடுங்கள், எங்கள் புத்தகங்களுக்கு இதைத்தான் போடப்போகிறோம் என்றார்கள். ஆறு மாதம் வெறி பிடித்த மாதிரி வரைந்தேன். வேறு ஒன்றுக்குப் போகவில்லை, ‘அ’வைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிறகு அவர்கள் பதில் போடுவதை நிறுத்திவிட்டார்கள். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. முதல் முறை எல்லாவற்றையும் மூடிவைத்தது அந்த மாதம்தான். எழுத்து நன்றாக இல்லை, அதனால்தான் பதில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது, மூன்றாவது முறையும் முடிக்கும் தறுவாயில்தான் கை பின்வாங்கியிருக்கிறது. முடித்தால் யாரிடமாவது காட்ட வேண்டுமே.

பச்சைத்தண்டு, கோபம் இல்லை.

பச்சைத்தண்டு

தெரியாமல் பேசிவிட்டேன். மன்னியுங்கள் அக்கா.

தந்திக்கம்பி

அம்மா, அவர்கள் செய்தது தவறு. பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி இந்த வேலைக்கு முதல் வாசகர் யாரோ ஒரு பதிப்பகமாக இருக்க வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வரைந்ததை இங்கே போடுங்கள். நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் பதில் போடுவேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவன் நான்.

கடிகாரமுள்

அருமை ஐயா. நேரம் பற்றி இரண்டு வார்த்தை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எத்தனை மாதத்தில் முடியும் என்று நினைக்கிறீர்களோ, அதை நம்பாதீர்கள். ப்யூலரும் சக ஆய்வாளர்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். ஆனது 55 நாள். மோசமாகப் போனால் என்று போட்ட கணக்கையும் தாண்டிவிட்டது. (நூல்கண்டு சிரிப்பது கேட்கிறது.) டார்வினும் கொட்டலசு என்ற சின்னக் கடல் உயிரியைச் சில மாதத்தில் முடித்துவிடலாம் என்று 1846-இல் தொட்டு, எட்டு வருடம் அதிலேயே கிடந்தார். நடுவில் வெறுத்தே போயிருக்கிறார், நண்பருக்குக் கடிதத்தில் கொட்டலசைத் திட்டியிருக்கிறார். அப்படியும் அதே மேசைக்குத் திரும்பத் திரும்பப் போனார்.

தவறவிட்ட நாளுக்காக வருந்தவும் வேண்டாம். பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்வது சரியில்லை. நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை.

சந்தேகப்பேர்வழி

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எது நடந்தால் நிறுத்துவீர்கள்?

அரைநிலா

எழுதி வைத்துவிட்டேன். உகர, ஊகார வரிசையின் 36-ஐயும் முடித்து, அதில் ஒரு முழுப் பக்கம் கோத்து, பத்துப் பேரைப் படிக்கச் சொல்வேன். கண் உறுத்துகிறது என்று பெரும்பாலோர் சொன்னால் நிறுத்திவிடுவேன். அதற்கு முன்னால் நிறுத்த மாட்டேன், மறுபடி ‘அ’வுக்கும் போக மாட்டேன். ‘அ’ முதல் ‘ன’ வரை தனிக் கோப்புறையில் போட்டுப் பெயரும் வைத்துவிட்டேன்: “தொடாதே”.

சரியா?

சந்தேகப்பேர்வழி

சரி. இதற்கு மேல் கேள்வி இல்லை. (இந்த மன்றத்தில் நான் இப்படி எழுதுவது இதுதான் முதல் முறை.)

மெதுநடை

நான் அம்மியோடு நிறுத்தியிருக்கக் கூடாது போலிருக்கிறது. தொடர்ந்து படிக்கிறேன்.

அரைநிலா (ஒன்பது வாரம் கழித்து)

இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன். சனிக்கிழமைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 36-இல் 29 முடிந்தது. நடுவில் பத்து நாள் உடம்பு சரியில்லாமல் தொடவே இல்லை, அப்புறம் விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். “தொடாதே”யை ஒருமுறை திறந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘அ’வின் சுழி இன்னும் உறுத்துகிறது. நோட்டில் எழுதிவிட்டு மூடிவிட்டேன். நோட்டில் இப்போது 41 வரி.

கடிகாரமுள் சொன்ன மாதிரி மூன்றாவது முயற்சியைத் தோண்டியதில் ‘கூ’வுக்கு ஒரு நல்ல வளைவு கிடைத்தது. அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ‘ழூ’வில். கீழே இறங்கும் வால் அடுத்த வரியின் மேல்விலங்கில் போய் முட்டுகிறது. வாலைக் குறுக்கினால் எழுத்து முடமாகத் தெரிகிறது, வரி இடைவெளியைக் கூட்டினால் பக்கம் வெளிறிப் போகிறது. இரண்டு படமும் கீழே போட்டிருக்கிறேன். தந்திக்கம்பி ஐயா, காலையில் எழுந்ததும் பார்த்துச் சொல்லுங்கள்.

தந்திக்கம்பி

பார்த்தேன் அம்மா. இரண்டாவது படம். ஆனால் வாலை இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள்.